உடன்படிக்கை ஊருக்கு வந்து சேரும் வழி

உசிலம்பட்டி வட்டத்து அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் கேட்டிருப்பது இது: "ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்த இரண்டு பையன்கள் தீபாவளி விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. வெளிமாநிலத்து முறுக்குக் கம்பெனிக்குப் போய்விட்டதாக ஊரில் சொல்கிறார்கள். ஐ.நா. உடன்படிக்கை இருக்கிறது, மத்தியச் சட்டங்கள் இருக்கின்றன, மாநில அரசின் குழந்தைகள் கொள்கையும் இருக்கிறது. அரசின் கொள்கைகளாலும் நாடுகளுக்கிடையிலான ஒத்துழைப்பாலும் எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு உண்மையிலேயே ஏதாவது பயன் உண்டா?"

பயன் உண்டு, ஆனால் அது தானாக வந்து சேர்வதில்லை. நான் மதுரையில் வழக்கறிஞர்; இடையில் சில ஆண்டுகள் அண்டை மாவட்டமொன்றில், பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவில் உறுப்பினராக இருந்தேன். அந்த அனுபவத்தில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். இன்ன அலுவலர், இன்ன பதிவேட்டில், இத்தனை நாளுக்குள் செய்தாக வேண்டிய வேலை என்று ஓர் உரிமை இறங்கி வந்த இடத்தில் பிள்ளை காப்பாற்றப்படுகிறது. 'சமுதாயத்தின் கூட்டுப் பொறுப்பு' என்று எழுதி விட்டுவிட்ட இடத்தில் பெரும்பாலும் காப்பாற்றப்படுவதில்லை. உங்கள் இரண்டு மாணவர்கள் விஷயத்தில் அப்படி இறங்கி வந்த வேலை ஒன்று இருக்கிறது. அது உங்கள் பள்ளியிலேயே தொடங்குகிறது என்பதால் கடைசியில் அதற்கு வருகிறேன். அதற்கு முன், அந்த வேலை எங்கிருந்து புறப்பட்டு வந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

குழந்தைகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஐ.நா. பொதுப்பேரவை 1989 நவம்பர் 20 அன்று ஏற்றது. 54 உறுப்புகள் கொண்ட அந்த ஆவணம் 1990 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1992 டிசம்பர் 11 அன்று அதில் இணைந்தது. உலகின் ஏறக்குறைய எல்லா நாடுகளும் அதை உறுதிசெய்துவிட்டன. அமெரிக்கா மட்டும் கையெழுத்திட்டுவிட்டு உறுதிசெய்யாமல் இன்றும் ஒதுங்கி நிற்கிறது. நம் நாட்டில் ஒரு பன்னாட்டு உடன்படிக்கை கையெழுத்தான மாத்திரத்தில் சட்டமாகிவிடாது. அரசியலமைப்பின் 253-ஆம் உறுப்பு தரும் அதிகாரத்தைக் கொண்டு நாடாளுமன்றம் அதற்கொரு சட்டம் இயற்ற வேண்டும். அது வரும்வரை நீதிமன்றங்கள், உள்நாட்டுச் சட்டத்தோடு முரண்படாத அளவில், உடன்படிக்கையைத் துணைக்கு எடுத்துக்கொள்ளலாம். பணியிடப் பாலியல் தொல்லை பற்றிய விசாகா வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்ட வழி அதுதான். இளைஞர் நீதிச் சட்டம், குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையங்களுக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவற்றின் முகப்புரைகளைப் பிரித்துப் பார்த்தால், இந்த உடன்படிக்கையின் பெயர் அங்கே வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கும். உங்கள் மாவட்டத்தில் குழந்தைகள் நலக் குழு என்று தலைவரும் நான்கு உறுப்பினர்களுமாக ஐந்து பேர் உட்கார்ந்திருப்பதற்கு ஆதாரம் அந்த வரிசையில் வந்த சட்டம்தான்.

உடன்படிக்கையில் இணைந்த நாள் அன்றே இந்தியா ஒரு தனிக் குறிப்பையும் எழுதி வைத்தது என்பது பலருக்குத் தெரியாது. குழந்தைகளைப் பொருளாதாரச் சுரண்டலிலிருந்து காக்கச் சொல்லும் 32-ஆம் உறுப்பைப் பற்றி, வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் பல காரணங்களால் இந்தியாவில் வேலை செய்கிறார்கள், எல்லாத் துறைகளிலும் குறைந்தபட்ச வயதை உடனடியாக நிர்ணயிப்பது நடைமுறையில் இயலாது, படிப்படியாகவே செய்வோம் என்ற பொருளில் ஓர் அறிவிப்பு அது. இதை நேர்மையான ஒப்புதல் என்றும் சொல்லலாம், நழுவல் என்றும் சொல்லலாம். இரண்டும் கலந்தது என்பது என் கருத்து. 'படிப்படியாக' என்ற சொல்லுக்கு நாள் குறிக்கவில்லை அல்லவா? நாள் குறிக்காத வேலை எந்த அலுவலகத்தில் நடந்திருக்கிறது?

நாள் குறித்தது வெளியிலிருந்து வந்த கேள்விதான். உடன்படிக்கையில் சேர்ந்த நாடு குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒரு முறை அறிக்கை எழுதிக் கொடுத்து, ஜெனீவாவில் கூடும் 18 வல்லுநர்கள் கொண்ட குழுவின் முன் பதில் சொல்ல வேண்டும். அந்தக் குழுவுக்குத் தண்டனை தரும் அதிகாரம் எதுவும் இல்லை. ஆனால் போன முறை கேட்டதை இந்த முறையும் கேட்கும் பழக்கம் அதற்கு உண்டு. 2000, 2004, 2014 ஆகிய ஆண்டுகளில் இந்தியாவின் முறை வந்தது. குழந்தை உரிமைகளுக்குத் தேசிய ஆணையம் அமையுங்கள், குழந்தை உழைப்பு குறித்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 138, 182 ஆகிய இரு மரபொப்பந்தங்களையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கைகள் அந்த விசாரணைகளில் எழுந்தவை. தேசிய ஆணையம் 2007-இல் அமைந்தது. 14 வயதுக்குட்பட்டோரை எந்த வேலையிலும் அமர்த்தக்கூடாது, 14 முதல் 18 வரையிலானோரை ஆபத்தான தொழிலில் அமர்த்தக்கூடாது என்று 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்பின் 2017 ஜூன் 13 அன்று அந்த இரண்டு ஒப்பந்தங்களையும் இந்தியா உறுதிசெய்தது. 1992-இலிருந்து எண்ணினால் இருபத்தைந்து ஆண்டு. அதற்குள் ஒரு தலைமுறை வேலைக்குப் போய், வளர்ந்து, தன் பிள்ளையையும் அதே வேலைக்கு அனுப்பிவிட்டது.

வெளிக்கேள்வி மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் பிள்ளைகள் வேலை செய்ததை எதிர்த்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும், அது இயலாவிட்டால் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. விருதுநகர் மாவட்டத்தில் பள்ளிக்கு வெளியே நின்ற பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் நடந்ததும், அமெரிக்கத் தொழிலாளர் துறையின் நிதியோடு இந்தியா நடத்திய 'இண்டஸ்' திட்டத்தில் அந்த மாவட்டம் சேர்க்கப்பட்டதும் அந்தக் காலக்கட்டத்துக் கதைகள். நாடு விட்டு நாடு வந்த பணம் ஒரு தெருவின் சிறப்புப் பள்ளியாக மாறியதற்கு நமக்கு மிக அருகில் இருக்கும் எடுத்துக்காட்டு அதுதான்.

இப்போது முறுக்குக் கம்பெனிக்கு வருகிறேன். குழந்தையின் அடையாளத்தை வெளியிடச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே விவரங்களை மாற்றியே சொல்கிறேன். குழுவில் இருந்தபோது, வடமாநிலம் ஒன்றில் மீட்கப்பட்ட ஒரு பையனை எங்கள் முன் கொண்டுவந்தார்கள். வலது முழங்கைக்குக் கீழே எண்ணெய் தெறித்த தழும்புகள், மிளகு அளவில் பத்துப் பதினைந்து இருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே மேசை மேலிருந்த கோப்பு கட்டும் நூலை எடுத்து, விரலால் திருகித் திருகி வட்டமாகச் சுற்று வைத்துக்கொண்டே இருந்தான். தான் அப்படிச் செய்வது அவனுக்கே தெரியவில்லை. அதிகாலையில் எழுந்து மாவு பிசைவதிலிருந்து, இரவு பாக்கெட் போட்டு முடிப்பது வரை வேலை. சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் தெரியவில்லை. வீட்டில் வாங்கிய முன்பணம் எவ்வளவு என்பது மட்டும் ரூபாய்க் கணக்கில் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

முதலாளி யார் என்று கேட்டோம். "சித்தப்பா" என்றான்.

இந்த ஒரு சொல்லில்தான் சட்டம் தடுக்கி விழுகிறது. 2016 திருத்தம் எல்லா வேலைக்கும் தடை போட்டுவிட்டு, குடும்பத் தொழிலுக்கு ஒரு விலக்கு வைத்தது. குடும்பம் என்றால் யார் என்பதற்குத் தாய், தந்தை, உடன்பிறந்தோர் என்று தொடங்கி, தாய் தந்தையின் உடன்பிறந்தோர் வரை சட்டம் நீட்டிவிட்டது. அதாவது அத்தை, மாமா, சித்தப்பா, பெரியம்மா எல்லோரும் உள்ளே. நம் பக்கத்திலோ ஒரே ஊர்க்காரர், ஒரே வகையறா என்றாலே முறை வைத்துத்தான் கூப்பிடுவோம். ஊரிலிருந்து கிளம்பிப் போய் வெளிமாநிலத்தில் அடுப்புப் போட்டவர், திருவிழாவுக்கு வரும்போது சொந்த ஊர்ப் பிள்ளைகளையே அழைத்துப் போகிறார். அந்நியர் கையில் கொடுக்கவில்லை என்ற ஆறுதல் பெற்றவர்களுக்கும் இருக்கிறது. சென்னையில் இருந்தோ தில்லியில் இருந்தோ பார்ப்பவருக்கு இது 'கடத்தல்'. அந்தப் பையனின் அம்மாவுக்கு, "தெரிஞ்ச எடத்துலதானய்யா விட்டோம், வயித்துக்காவது சோறு கெடைக்கும்னு" என்பதுதான் விஷயம்.

உண்மையில் அந்த விலக்கே மிகக் குறுகியது. பள்ளி நேரம் முடிந்த பின் அல்லது விடுமுறையில் மட்டும், ஆபத்தில்லாத வேலையில் மட்டும், படிப்பு கெடாமல் உதவி செய்யலாம் என்றே சட்டம் சொல்கிறது. 2017-இல் வந்த விதிகள் இன்னும் இறுக்கி, இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை குடும்பத் தொழிலிலும் பிள்ளை வேலை செய்யக்கூடாது என்கின்றன. இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு மதுரையைச் சுற்றியுள்ள மல்லிகைத் தோட்டங்களை ஒரு முறை பாருங்கள். மொட்டு விரிந்தால் விலை இல்லை. மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். அதனால் விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு செடிக்குள் இறங்குகிறவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அப்பா அம்மாவோடு, சொந்தக் கொல்லையில்தான். விதிப்படி அது கூடாது. அதற்காக அந்த அப்பா மேல் வழக்குப் போட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், எந்த ஆய்வாளரும் போடவும் மாட்டார். முதல் பாடவேளையில் தூங்கி விழும் பிள்ளை எந்தத் தோட்டத்திலிருந்து வருகிறது என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

மீட்கப்பட்ட பையனிடம் திரும்புகிறேன். அவனை அழைத்து வந்தவர்களுக்கு நேர்ந்த பெரிய சிக்கல் வயதுதான். கம்பெனியில் கொடுத்திருந்த ஆதார் நகலில் பதினெட்டு வயது ஆகியிருந்தது. பார்த்தால் பதின்மூன்று சொல்லலாம், ஆனால் 'பார்த்தால்' என்பது நீதிமன்றத்தில் நிற்காது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு இதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது: முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று, அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ், இரண்டுமே இல்லாதபோதுதான் எலும்பு வளர்ச்சிச் சோதனை. எலும்புச் சோதனை துல்லியமான வயதைத் தருவதில்லை, ஒரு வீச்சைத் தருகிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வீச்சின் மேல்முனையைப் பிடித்துக்கொள்வார். எங்கள் பையன் விஷயத்தில் அவன் படித்த பள்ளியின் தலைமையாசிரியை, சேர்க்கைப் பதிவேட்டில் அவன் பெயர் இருந்த பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சான்றிட்ட நகல் தபாலில் பின்னால் வந்தது. பழுப்பேறிய அந்தப் பக்கத்தின் ஒரு வரி, மற்ற எல்லாக் காகிதத்தையும் விட அவனுக்குப் பயன்பட்டது. பிறந்தவுடன் பதிவு செய்யப்படுவது குழந்தையின் உரிமை என்று உடன்படிக்கையின் 7-ஆம் உறுப்பு எழுதியிருப்பது இதற்காகத்தான் போலும் என்று அன்றைக்குத் தோன்றியது.

இந்த விஷயத்தில் தமிழ்நாடு முன்னே நிற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கருவுற்றவுடன் கிராம சுகாதார செவிலியர் பதிவு செய்து எண் கொடுக்கிறார். அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் கிடைப்பதில்லை. பெண் சிசுக்கொலைக்காக 1980-களில் நாடே உசிலம்பட்டியைச் சுட்டிப் பேசிய காலத்தை நினைத்தால் இதன் அருமை புரியும். 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னால் மதுரைக்கும் வந்தது. அதன்மேல் விமரிசனங்கள் உண்டு, பிள்ளையை ஒப்படைக்க வழி செய்தால் ஒதுக்கும் மனம் மாறுமா என்ற கேள்வி நியாயமானதும்கூட. என் கணிப்பில், வீடு வீடாகப் போய் எல்லாக் கருவையும் எழுதிவைத்த செவிலியரின் நோட்டுப் புத்தகம் தொட்டிலை விடக் கூடுதலாகச் சாதித்தது.

வெளிமாநிலத்தில் மீட்கப்பட்ட பிள்ளை ஊர் திரும்ப, அங்குள்ள குழு இங்குள்ள குழுவுக்கு எழுத வேண்டும், குடும்பச் சூழல் விசாரணை நடக்க வேண்டும், உத்தரவு கிடைத்த 15 நாட்களுக்குள் காவல் துணையோடு அனுப்பிவைக்க வேண்டும். எங்கள் மேசைக்கு வந்த கடிதங்கள் இந்தியிலும் மராத்தியிலும் இருக்கும். நாங்கள் ஆங்கிலத்தில் பதில் போடுவோம். அங்கே அதைப் படித்து நடவடிக்கை எடுக்க வேண்டியவர் மாற்றலாகிப் போயிருப்பார். நாடுகளுக்கிடையிலான ஒத்துழைப்பு என்று பேசும்போதெல்லாம் எனக்கு இந்தக் கடிதங்கள் நினைவுக்கு வரும். ஒரே நாட்டின் இரண்டு மாவட்டங்களுக்கு இடையிலேயே இவ்வளவு பாடு.

கொத்தடிமை என்று கோட்டாட்சியர் விடுவிப்புச் சான்று கொடுத்தால் மறுவாழ்வு உதவி உண்டு. 2016-இல் திருத்தப்பட்ட மத்தியத் திட்டத்தில் குழந்தைக்கு 2 லட்சம் ரூபாய். ஆனால் உடனடி உதவி போக மீதித் தொகை குற்றவாளி தண்டிக்கப்படுவதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. சித்தப்பா முறைக்காரருக்கு எதிராகச் சாட்சி சொல்ல எந்தக் குடும்பம் வரும் என்று எண்ணிப் பாருங்கள். கொள்கை வகுத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும் இடம் இது.

பையனிடம் கடைசியாக, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம். குழந்தையைப் பாதிக்கும் எந்த முடிவிலும் அதன் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது உடன்படிக்கையின் 12-ஆம் உறுப்பு. வீடு, பணம், சைக்கிள் என்று ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். "சார், நான் ஆறாவதுல சின்னப் பசங்களோட உக்காரணுமா, எட்டாவதுலயே உக்காரலாமா?" என்றான். நான் அதிர்ந்துதான் போனேன். 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு அவனுக்காகவே எழுதியது போல இருக்கிறது: வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். எட்டாவதில்தான் உட்கார்ந்தான்.

இனி, கடல் கடந்த ஒத்துழைப்பு எங்கே பலன் தருகிறது, எங்கே தவறிப் போகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தவறிப் போனதற்கு வங்கதேசம் பாடம். குழந்தைகள் தைத்த ஆடைகளை இறக்குமதி செய்யத் தடை விதிக்கும் மசோதா 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க செனட்டில் வந்ததும், அது சட்டமாகும் முன்பே, பயந்துபோன ஆலைகள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வெளியே அனுப்பின. அவர்கள் பள்ளிக்குப் போகவில்லை. பலர் கல் உடைக்கவும் தெருவில் விற்கவும், அதைவிட மோசமான வேலைகளுக்கும் போனார்கள். 1995-இல் ஆடை ஏற்றுமதியாளர் சங்கம், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப் மூன்றும் ஒப்பந்தம் போட்டு, பள்ளியில் இடமும் குடும்பத்துக்கு உதவித்தொகையும் ஏற்பாடான பிறகே பிள்ளைகளை ஆலையிலிருந்து எடுப்பது என்று முடிவு செய்தபோதுதான் நிலைமை சீரானது. திண்டுக்கல், தேனி, விருதுநகர் பக்கத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில், மூன்றாண்டு முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று சொல்லி இளம்பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கியது அம்பலமானபோது, வெளிநாட்டு ஆடை நிறுவனங்கள் கொடுத்த அழுத்தம் ஓரளவு உதவியது. ஆனால் அந்த அழுத்தம் ஏற்றுமதி ஆடை தைக்கும் ஆலை வரை எட்டுகிறதே தவிர, அதற்கு நூல் கொடுக்கும் சின்ன ஆலை வரை எட்டுவது அரிது. முறுக்கை வெளிநாட்டு நிறுவனம் யாரும் வாங்குவதில்லை. எனவே முறுக்குக் கம்பெனிப் பையனுக்கு அந்த வழியும் இல்லை.

தெளிவாகப் பலன் தந்த துறை தத்தெடுப்பு. நாடு விட்டு நாடு தத்துக் கொடுப்பதற்கான 1993-ஆம் ஆண்டு ஹேக் மரபொப்பந்தத்தை இந்தியா 2003-இல் உறுதிசெய்தது. அதன்படி மத்தியத் தத்தெடுப்பு ஆணையமான 'காரா' வழியாக அன்றி எந்தக் குழந்தையும் வெளிநாட்டுக்குப் போக முடியாது. பணம் கைமாறினால் குற்றம். இங்கே உரிமைக்கு முகவரி இருக்கிறது, காத்திருப்போர் வரிசை இணையத்தில் இருக்கிறது. இருந்தும் உள்ளூரில் கண் அசந்தால் என்ன ஆகும் என்பதை 2021-இல் மதுரை பார்த்தது: கொரோனாவில் இறந்துவிட்டதாகப் போலி ஆவணம் காட்டிவிட்டுக் காப்பகத்துக் குழந்தையை விற்றதாக வழக்குப் பதிவாகி, குழந்தைகள் உயிரோடு மீட்கப்பட்டார்கள். ஒப்பந்தத்தின் எந்த உறுப்பும் அதைக் கண்டுபிடிக்கவில்லை; சந்தேகப்பட்டுக் கேட்ட ஆட்கள் கண்டுபிடித்தார்கள்.

இணையக் குற்றத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே வெளிநாட்டுத் தகவல் இல்லாமல் உள்ளூர்க் காவலருக்குக் கண்ணே தெரியாது. குழந்தைகளைப் பாலியல் முறையில் சித்திரிக்கும் படங்களைப் பற்றி அமெரிக்காவிலுள்ள மையம் ஒன்று திரட்டும் தகவல்கள், 2019-இல் போட்ட உடன்பாட்டின்படி நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கு வந்து, அங்கிருந்து மாநிலக் காவல்துறைக்கு இறங்குகின்றன. அப்படிப்பட்ட படங்களை வைத்திருப்பதே எந்தச் சூழலில் குற்றமாகும் என்பதை, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கறாராக விளக்கியது.

ஒத்துழைப்பு சுத்தமாக எட்டாத இடமும் மதுரையிலேயே இருக்கிறது: ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி ஆகிய ஊர்களில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள். அங்கே பிறந்த பிள்ளைக்குப் பள்ளி உண்டு, மாநில அரசின் உதவித்தொகை உண்டு, பிறப்புச் சான்றிதழும் உண்டு; நாடு இல்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பதை வைத்து, 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு தருமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவர்களுக்கு அந்தக் கதவு திறக்காது. அகதிகளுக்கான 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. குழந்தைகள் உடன்படிக்கையில் சேர்ந்திருக்கிறது, அதன் 2-ஆம் உறுப்பு எல்லைக்குள் இருக்கும் எல்லாக் குழந்தைக்கும் பொருந்தும். இரண்டுக்கும் நடுவில் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பொறியியல் பட்டமும் வாங்கிவிடுகிறார்கள். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் சுவர் தெரிகிறது.

கொள்கையால் என்ன பயன் என்று கேட்டீர்கள். நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளிக்கு ஒரு முறை காலையில் போய்ப் பாருங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று அங்கேதான் தொடங்கியது. 1,545 பள்ளிகளில் ஆரம்பித்து மறு ஆண்டே மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. காமராசர் 1956-இல் தொடங்கிய மதிய உணவும் எம்.ஜி.ஆர். 1982-இல் விரித்த சத்துணவும் எந்த ஒப்பந்தத்துக்காகவும் வந்தவை அல்ல. சமைத்த உணவை நாடு முழுவதும் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் உத்தரவிட்டபோது, அது முடியும் என்று காட்டத் தமிழ்நாடு இருந்தது. இந்தத் திட்டங்கள் வென்றதற்குக் காரணம், யாரும் புகார் கொடுக்க வேண்டியதில்லை, யார் மேலும் வழக்கு இல்லை, அடுப்பு எரிந்ததா இல்லையா என்பது எட்டரை மணிக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆனால் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. உங்கள் மாணவர்கள் ஏழாம் வகுப்பு.

ஆகவே அந்த இரண்டு பையன்களுக்கு வருகிறேன். நான் மேலே சொன்ன 2017-ஆம் ஆண்டு விதிகளிலேயே இன்னொரு வரி இருக்கிறது: பள்ளியில் படிக்கும் குழந்தை தகவல் இல்லாமல் தொடர்ந்து 30 நாள் வராவிட்டால், மாவட்ட ஆட்சியரின் கீழ் இதற்கென நியமிக்கப்பட்ட பொறுப்பு அலுவலருக்குத் தலைமையாசிரியர் தெரிவிக்க வேண்டும். 'தெரிவிக்கலாம்' அல்ல, தெரிவிக்க வேண்டும். உங்கள் வருகைப் பதிவேட்டில் கடைசியாக 'வருகை' என்று குறித்த நாளிலிருந்து எண்ணுங்கள். பிள்ளை நிச்சயமாக வேலையில் இருக்கிறான் என்று தெரிந்தால் முப்பதாவது நாளுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்துவிட்டு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் எழுத்தில் கொடுத்துவிடலாம். வராத பிள்ளையின் பெயரை நீக்கிப் பட்டியலைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சிலர் ஆலோசனை சொல்வார்கள். பெயரை எடுத்துவிடாதீர்கள், மாற்றுச் சான்றிதழ் கேட்டு யாராவது வந்தால் எந்தப் பள்ளியில் சேர்க்கப் போகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் உபதேசம் வேண்டாம். பையனின் எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை தரும் மாணவர் எண்), சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள பிறந்த தேதி, கடைசியாக வந்த நாள், எந்த மாநிலத்துக்கு யாரோடு போனதாக ஊரில் சொல்கிறார்கள் என்பது, அந்த ஆளின் கைபேசி எண் கிடைத்தால் அது, இவ்வளவு போதும். அழைத்துப் போனவர் சித்தப்பா முறை என்றால், உடன்பிறந்த சித்தப்பாவா, ஊர் முறையா என்பதை விசாரித்து அதையும் ஒரு வரி எழுதுங்கள். விலக்கு கோரி முதலாளி தரப்பு நிற்கும்போது அந்த வரி வேலை செய்யும். சேர்க்கைப் பதிவேட்டின் அந்தப் பக்கத்துக்குத் தலைமையாசிரியர் கையொப்பமும் முத்திரையும் இட்ட நகல் ஒன்றை இணைத்து, இன்னொன்றைப் பள்ளியில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். அட்டை திரும்பி வந்ததும் அதைப் பதிவேட்டின் அதே பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.